நாயில்லா நகரத்தின் காப்பகம்

கஃபர் ஜுமைஸ் நகரத்தில் நாய் கிடையாது. போகிற போக்கில் யாரோ சொன்ன சேதியில்லை இது. நகராட்சி வாசலில் பித்தளைப் பலகையில் பொறித்து, நாலு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கி வைத்திருக்கிறார்கள்: 'தெருநாய் அற்ற முதல் நகரம்.' முந்தைய ஆளுநர் தன் கையால் திரை விலக்கித் திறந்து வைத்த பலகை. மத்தியானமானால் அதன் அடியில் ஏழெட்டு நாய்கள் கால் நீட்டிப் படுத்திருக்கும். கிழக்குப் பார்த்த சுவர், சாயங்காலம்வரை நல்ல நிழல்.

பலகைக்கு நேர் எதிரே, சாலையின் இந்தப் பக்கம், இன்ஸாஃபின் ஈரல் வண்டி. பூண்டும் சீரகமும் பச்சை மிளகாயும் போட்டுச் சுடச்சுட வதக்கி, ரொட்டியைப் பிளந்து உள்ளே திணித்துக் கொடுப்பாள். ஹஜ்ஜுக்குப் போனதில்லை, போக ஆசைதான், யார் அழைத்துப் போவது? ஆனாலும் ஊரில் எல்லாருக்கும் அவள் ஹஜ்ஜாதான். புருஷன் போய்ச் சேர்ந்தான், பிள்ளை குட்டி கிடையாது. நகராட்சி முழுக்க அவளிடம்தான் காலைச் சாப்பாடு. தின்று முடித்து, விரலைச் சூப்பிக்கொண்டே, "உப்பு கம்மி ஹஜ்ஜா" என்று குறை சொல்லிவிட்டுப் போவார்கள். அது ஒரு வழக்கம். குறை சொல்லாமல் போனால் தன் பதவிக்கு ஏதோ குறைச்சல் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

வண்டிக்கு அடியில் பஸ்பூஸா படுத்திருக்கும். ரவை இனிப்பின் நிறம், அதனால் அந்தப் பெயர். புருஷனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று இன்ஸாஃபின் பின்னாலேயே கல்லறையிலிருந்து நடந்து வந்த பெட்டை நாய். போ என்றாள், போகவில்லை. அப்புறம் அவளுக்கும் போகச் சொல்ல வாய் வரவில்லை. பின்னங்கால் ஒன்று ஊனம். நகரத் தலைவர் இஸ்மத் தர்தீரியின் கார் ஏறியதில் வந்தது. காரின் முன்பக்கமும் கொஞ்சம் நசுங்கியது. நகரத்தில் நாய் இல்லாததால் 'காற்று மோதியது' என்று எழுதிப் பழுது பார்த்தார்கள்.

நாய் இல்லாத ஊரில் நாய் கடித்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ரொம்பச் சுலபம். முடிவெட்டும் ஹம்தானுக்குக் கெண்டைக்காலில் கடி. ரத்தம் சொட்ட அரசு மருத்துவமனைக்கு ஓடினான். ஊசி போடத் தடையில்லை, ஆனால் வேறு ஊரில் கடி வாங்கியதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். ஹம்தான் நொண்டிக்கொண்டே ரயில் நிலையம் போய், அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுத்து, போய், திரும்பி வந்து, டிக்கெட்டைக் காட்டி ஊசி போட்டுக்கொண்டான். இப்போதெல்லாம் விவரம் தெரிந்த ஆட்கள் அந்த டிக்கெட் ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள்.

கெய்ரோவிலிருந்து பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் பலகையை மெய்யாக்க வேண்டியிருக்கும். தூய்மைக் குழுவின் ஷஹாத்தா வாளி நிறைய விஷம் வைத்த கோழித்தலையோடு கிளம்புவான். விடிவதற்குள் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். கடைசியாக ஒரு துணை அமைச்சருக்காகச் செய்தார்கள். அவர் வேறெங்கோ போகிற வழியில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தூங்கியபடி ஊரைக் கடந்து போனார். அந்தத் தூக்கத்துக்காக வண்டியைச் சுற்றி வளர்ந்த அத்தனை நாயும் செத்தது. பஸ்பூஸா மட்டும் பிழைத்தது. அதற்கு ஒரு கிறுக்குக் குணம்: இன்ஸாஃபின் கையிலிருந்து தவிர வேறு எங்கிருந்தும் எதையும் தொடாது. தரையில் தங்கமே கிடந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஆனால் பசி வந்தால் எத்தனை நாள் குணம் நிற்கும்? தான் காய்ச்சலில் படுத்துவிட்டால்? இதையே நினைத்துக்கொண்டிருந்தாள் இன்ஸாஃப். காப்பிக் கடைத் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு ஊரில் நகராட்சியே நாய்களுக்குக் காப்பகம் கட்டிக் கொடுத்ததைக் காட்டினார்கள். இங்கேயும் கேட்டால் என்ன என்று தோன்றியது. கேட்டாள். அவள் செய்த தப்பு அதுதான்.

மேடம் நாஹித் மனுக்கள் வாங்கும் மேஜையில் உட்கார்ந்து சீமைச் சுரைக்காய் குடைந்துகொண்டிருந்தாள். அரிசி அடைத்துச் சமைக்க. வீட்டுக்கு மாமியார் வருகிறாளாம். பக்கத்தில் கோப்புகளின் மேல் குடைந்த காய்கள் வரிசையாக நின்றன.

"எந்தப் பிரிவு?"

"நாய்ப் பிரிவு மேடம்."

"அப்படி ஒண்ணு இல்லியே. நாய் இருந்தாத்தானே பிரிவு இருக்கும்?"

"வாசல்ல ஏழெட்டு படுத்திருக்கே மேடம்."

மேடம் நாஹித் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு அடுத்த காயை எடுத்துக்கொண்டாள்.

"ஆபீஸ் நேரத்துல அது தெரியாது ஹஜ்ஜா. ரெண்டு மணிக்கு மேல வந்து கேளு, சொல்றேன்."

ரெண்டு மணிக்கு மேல் அலுவலகம் மூடிவிடும். அதையும் அவளே சொன்னாள், அக்கறையோடு.

கால்நடை மருத்துவர் வக்தியிடம் போகச் சொன்னார்கள். வக்தி நல்ல மனிதர். தினமும் தன் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து இன்ஸாஃபிடம் கொடுத்து, 'உன் கையால கொடு' என்று பஸ்பூஸாவுக்குப் போடச் சொல்பவர். இன்ஸாஃப் மனுவோடு பஸ்பூஸாவையும் கூட்டிக்கொண்டு போனாள். அது நேரே உள்ளே போய் அவருடைய பூட்சின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவர் காலை அசைக்காமல் பேசினார்.

"மூணு மாசத்துக்கு ஒருதரம் ஊர்ல நாய் இல்லேன்னு நான் கையெழுத்துப் போடறேன். இப்ப இருக்குன்னு எழுதினா, இத்தனை வருஷம் எழுதினது பொய்யின்னு ஆயிடும். நான் பொய் சொல்ற ஆளா, ஹஜ்ஜா?"

"சத்தியமா இல்ல டாக்டர்."

"ஆக, நாய் இல்ல" என்றார் வக்தி. குனிந்து பஸ்பூஸாவின் காதைச் சொறிந்துவிட்டார். அப்புறம் மனசு கேட்காமல் ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார்: நாய் என்று எழுதாதே, 'நாலுகால் பயனாளிகள்' என்று எழுது.

அப்படியே எழுதினாள். மனு நேராக மரச்சாமான் கிடங்குக்குப் போய்விட்டது. அங்கே கொஞ்ச காலம் கிடந்துவிட்டு, 'மேஜை நாற்காலிகளுக்குப் போதிய இடம் இருக்கிறது, புதிய கட்டடம் அவசியமில்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மறுபடி எழுதினாள். இந்த முறை இடம் எங்கே என்று கேட்டார்கள். ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த பழைய ஆட்டுத்தொட்டியைக் காட்டினாள். அறுப்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது, சும்மாதானே கிடக்கிறது என்றாள். அப்படியானால் நாலு பக்கத்து அண்டை அயலாரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்றார்கள். மூன்று பக்கம் வாய்க்கால், வயல், ரயில் பாதை. நாலாவது பக்கம் கல்லறை. இன்ஸாஃபின் புருஷன் கிடப்பதும் அங்கேதான். வெட்டியான் ரொம்ப யோசித்து, 'இங்குள்ளோர் எவரும் இதுவரை ஆட்சேபணை தெரிவிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த மனு பார்த்த கையெழுத்துகளிலேயே பொய் இல்லாதது அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் எதுவும் நடக்கவில்லை. நாளைக்கு வா என்றார்கள், போனாள். நாளைக்கு என்று நேற்றே சொன்னீர்களே என்றாள். அது நேற்று சொன்ன நாளை, இது இன்று சொல்கிற நாளை என்றாள் மேடம் நாஹித், உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே. நகராட்சி ஆட்கள் ஈரல் ரொட்டி தின்ன வருகையில் இன்ஸாஃபைக் கேலி செய்வது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. "காப்பகத்துல எனக்கும் ஒரு ரூம் போட்டு வை ஹஜ்ஜா, பொண்டாட்டி தொல்லை தாங்கல" என்பான் ஒருவன். அவள் சிரித்துக்கொண்டே பூண்டு நசுக்குவாள். சிரிக்காவிட்டால் மனு நகராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

திடீரென்று ஒருநாள் கெய்ரோவிலிருந்து சுற்றறிக்கை வந்தது. நகரத்துக்கொரு விலங்குக் காப்பகம், திறந்து வைக்கும் படம் பத்திரிகையில் வரும் என்று. பக்கத்து ஊரான் ஏற்கனவே சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று கேள்விப்பட்டதும் இஸ்மத் தர்தீரிக்குத் தூக்கம் போயிற்று. நம்மிடம் மனு ஏதாவது கிடக்கிறதா என்று தேடச் சொன்னார். மேடம் நாஹித்தின் உருளைக்கிழங்குத் தோலுக்கு அடியிலிருந்து மனு கிடைத்தது. மறுநாளே நகராட்சி மன்றம் கூடியது.

மன்றத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மண்டபத்தின் நடுவில் ஆளுநரின் நாற்காலி இருக்கும். கில்ட் பூசிய கால்கள், சிவப்பு மெத்தை, அழுக்குப் படாமல் பிளாஸ்டிக் உறை. ஆளுநர் அதில் உட்கார்ந்ததே இல்லை. ஆனாலும் நாற்காலி இருக்கும் இடத்தில் ஆளுநர் இருப்பதாகத்தான் கணக்கு. ஆளுநர் முன்னிலையில் கேள்வி கேட்கப்படாமல் எவனும் வாய் திறக்கக் கூடாது. ஒரு கூட்டத்தில் கிழட்டு உறுப்பினர் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தது. வேர்த்துக் கொட்டி, மார்பைப் பிடித்துக்கொண்டு, யாராவது என்னவென்று கேட்பார்களா என்று மரியாதையோடு சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரும் கேட்கவில்லை. தீர்மானம் நிறைவேறுகையில் அவர் ஆறிப்போயிருந்தார். 'எதிர்ப்பின்றி நிறைவேறியது' என்று குறிப்பில் எழுதினார்கள். ஒழுக்கத்துக்கு உதாரணமாக அவர் பெயரை இன்றைக்கும் புதியவர்களுக்குச் சொல்கிறார்கள்.

அந்த மண்டபத்தின் கடைசியில் இன்ஸாஃபை நிற்க வைத்தார்கள். இஸ்மத் நாற்காலிக்குத் தலை வணங்கிவிட்டுப் பேசினார்.

"நாகரிகமான நகரத்தில் காப்பகம் இருக்கும். அசிங்கமான நகரத்தில் நாய் இருக்கும். நம்மிடம் நாய் இல்லை. ஆகவே நாம் நாகரிகமானவர்கள். ஆகவே நமக்குக் காப்பகம் வேண்டும். நாய் வைத்துக்கொண்டு காப்பகம் கேட்கிறார்களே பக்கத்து ஊரார், அவர்கள் கேட்பது கருணையால் அல்ல, கதியில்லாமல்! கதியிருந்தும் கருணை காட்டுகிற ஒரே நகரம் இதுதான்."

கைதட்டினார்கள். பிறகு நிபந்தனைகளை வாசித்தார்கள். காப்பகத்தில் துர்நாற்றம் கூடாது. குரைப்புச் சத்தம் கூடாது. வாசல் பலகைக்கு முரணாக எதையும் உள்ளே வைக்கக் கூடாது. தொட்டியில் தொங்கும் இரும்புக் கொக்கிகள் அரசுச் சொத்து, கழற்றக் கூடாது. காப்பகச் சுவருக்குள் எந்த உயிருக்கும், ஒரு மயிரிழை அளவும், தீங்கு நேரக் கூடாது.

இன்ஸாஃபின் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான். பஸ்பூஸாவுக்கு ஒரு சுவர். அதற்குள் ஷஹாத்தா வாளியோடு வர முடியாது. தான் செத்தாலும் அந்தச் சுவர் இருக்கும். சந்தோஷம் தாங்காமல் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். யாரும் கேட்காமலே போட்டாள். காவலாளி அவளைப் பிடரியில் கை வைத்து வெளியே தள்ளினான். தள்ளியதுகூட அவளுக்கு வலிக்கவில்லை.

ஆட்டுத்தொட்டிக்குப் பிஸ்தா பச்சையில் சாயம் அடித்தார்கள். கொக்கிகளைக் கழற்ற முடியாதென்பதால் ரோஜா நிறம் பூசிப் பூந்தொட்டி மாட்டினார்கள். ரத்தம் ஓடிய சாக்கடைக்கு மேல் கண்ணாடி பதித்து மீன் விடலாமா என்று பொறியாளர் ஒருவர் யோசனை சொன்னார். வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட திரைச்சீலை. வாசல்வரை சாலையின் இரண்டு ஓரக் கற்களுக்கும் கறுப்பு வெள்ளை மாற்றி மாற்றி அடித்தார்கள். வேரில்லாத பேரீச்ச மரங்களைக் கொண்டு வந்து மண்ணில் குத்தினார்கள். இரண்டு நாள் பச்சையாக நின்றால் போதுமாம். திறந்து வைக்க ஆளுநரே வருகிறார்.

ஆளுநர் வருகிறார் என்றதும் இன்ஸாஃபுக்குச் சுருக்கென்றது. ஷஹாத்தா வருவானே! இஸ்மத்திடம் கேட்க முடியாது. மேடம் நாஹித்திடம் கேட்டாள். காப்பகம் திறக்கிற நாளில் போய் நாயைக் கொல்வார்களா, கொஞ்சமாவது புத்தியோடு பேசு என்று அவள் கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொண்டது இன்ஸாஃபுக்கு ஆறுதலாக இருந்தது. அப்படியும் மனசு ஆறவில்லை.

திறப்புக்கு முந்தின நாள் ஷஹாத்தா வந்தான். கையில் வாளி இல்லை, அதுவே நல்ல சகுனமாகப் பட்டது.

"ஹஜ்ஜா, நகராட்சிக்கு ஈரல் வேணும். வண்டியில இருக்கறது அத்தனையும். நல்லா பூண்டு தூக்கலா வதக்கிக் கொடு."

"விருந்துக்கா தம்பி?"

ஷஹாத்தா தலையைச் சொறிந்தான். "ஆமா. விருந்துக்குத்தான்."

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஆளுநர் தின்கிற தட்டில் தன் ஈரல்! கசாப்புக் கடைக்கு ஓடி இன்னும் வாங்கி வந்தாள். சீரகத்தைப் புதிதாக வறுத்து இடித்தாள். வதக்குகையில் தெருவிலிருந்த நாய்களெல்லாம் வண்டியைச் சுற்றி வந்து உட்கார்ந்து மூக்கை உயர்த்திக் காற்றை மோந்தன. இருங்கடா, நாளையிலிருந்து உங்களுக்கும் வீடு வாசல் என்று அவற்றிடம் சொன்னாள். நகராட்சிக்காரர்கள் எப்போதும் சொல்கிற குறை நினைவுக்கு வந்து உப்பைக்கூட ஒரு சிட்டிகை அதிகமாகவே போட்டாள்.

பொழுது சாய்கிற நேரம், எதற்கும் இருக்கட்டும் என்று பஸ்பூஸாவைக் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள். காவலாளிக்கு ஒரு ரொட்டி கொடுத்தாள். கடைசிக் கூண்டில் விட்டுத் திரையை இழுத்து மூடினாள். சுவருக்குள் ஒரு மயிரிழை அளவும் தீங்கு நேரக் கூடாது. சத்தம் போடாமல் இரு என்று வாயில் விரல் வைத்துக் காட்டினாள். பஸ்பூஸா அவள் விரலை நக்கியது.

காலையில் வருகையில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. தார்ச்சாலை கழுவி ஈரமாக மினுங்கியது. பித்தளைப் பலகைக்கு அடியில் நிழல் விழுகிற இடம் வெறிச்சென்று கிடந்தது. இன்ஸாஃப் அங்கேயே நின்று அழுதாள். மேடம் நாஹித்தைச் சபித்தாள், ஷஹாத்தாவின் கோழித்தலைகளைச் சபித்தாள். பிறகு, பஸ்பூஸா உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று நினைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பத்தில் ஒன்றாவது மிஞ்சியதே என்று நன்றி சொன்னாள். நகராட்சி தன் மக்களுக்கு நன்றாகப் பழக்கிவிட்ட குணம் அது.

காப்பகத்தில் பள்ளிப் பிள்ளைகள் விடிகாலையிலிருந்து கொடி ஆட்டிக்கொண்டு வெயிலில் நின்றார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்ததும் அவர்களுடைய கொடிகளைப் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆளுநரின் நாற்காலியை மண்டபத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டு வந்து, உறையைக் கழற்றாமல் நடுவில் போட்டிருந்தார்கள். விருந்து மேஜையில் கபாப், புறா, மாதுளம்பழம் எல்லாம் இருந்தன. இன்ஸாஃப் எட்டி எட்டிப் பார்த்தாள். அவளுடைய ஈரலைக் காணோம். உள்ளே எங்காவது சூடாக வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆளுநர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நாடா வெட்டினார். கூண்டு கூண்டாகத் திரையை விலக்கிப் பார்த்தார். எல்லாம் காலி.

"எங்கய்யா ஒண்ணையும் காணோம்?"

"மேன்மை தங்கிய பாஷா, அதுதான் எங்கள் காப்பகத்தின் வெற்றி" என்றார் இஸ்மத். "திறக்கும் முன்பே தேவையை ஒழித்துவிட்டோம். மற்ற ஊர்க் காப்பகங்கள் நாய்களால் நிரம்பி வழிகின்றன. அது நிர்வாகமா? எங்களிடம் ஒரு நாய்கூட ஒரு துயரமும் படவில்லை."

ஆளுநர் மெச்சுகிற மாதிரி தலையசைத்தார். ஆனால் அவரோடு வந்த புகைப்படக்காரன் அவர் காதில் ஏதோ சொன்னான். காலிக் கூண்டோடு படம் எடுத்தால் பத்திரிகையில் போட மாட்டார்களாம். ஒரு நாய்க்கு ஊட்டுகிற மாதிரி இருந்தால் முதல் பக்கமாம்.

"ஒரு நாய்கூட கெடைக்காதா இந்த ஊர்ல?" என்றார் ஆளுநர், முகம் சுளித்து.

அந்த நேரம் பார்த்துக் கடைசிக் கூண்டின் திரைக்குப் பின்னால் தரையில் வாலடிக்கிற சத்தம் கேட்டது. பஸ்பூஸா இன்ஸாஃபின் வாசனையைப் பிடித்துவிட்டது.

திரை விலகியது. நகரமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அங்கே இருப்பது இருக்கிறதா இல்லையா என்பதை இஸ்மத் உடனே முடிவு செய்தாக வேண்டும்.

"பாஷா," என்றார், "இது நாய் இல்லை. எங்கள் முதல் பயனாளி."

ஆளுநர் மேஜையிலிருந்து ஒரு கபாப் துண்டை எடுத்துக் குனிந்து நீட்டினார். காமிராக்கள் தயாராக நின்றன. பஸ்பூஸா மோந்து பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபடி நீட்டினார். மறுபடியும் திருப்பிக்கொண்டது. ஆளுநரின் காது மடல் சிவந்தது. இஸ்மத் பக்கத்து ஊரை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"யார் கொடுத்தா திங்கும் இது?" என்று ஆளுநர் பொதுவாகக் கேட்டார்.

கேள்வி வந்துவிட்டது. இனி வாய் திறக்கலாம். இன்ஸாஃப் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"என் கையால மட்டுந்தான் பாஷா. அதுவும் நான் வதக்கின ஈரல்னா உசுரு."

"அப்ப நீ ஊட்டு. நான் பக்கத்துல நின்னு முதுகைத் தடவறேன். ஈரல் எங்க?"

இஸ்மத் சுற்றுமுற்றும் பார்த்தார். கதவுக்குப் பின்னால் ஷஹாத்தா நின்றான். ஆளுநர் சீக்கிரம் வந்துவிட்டதால் வாளியைக் கொண்டு போய்க் கொட்ட நேரமில்லாமல் காலுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தான். வாளியின் அடியில் மிச்சம் இருந்தது. இஸ்மத் வாளியைப் பார்த்தார். ஆளுநரின் முகத்தைப் பார்த்தார்.

"கொண்டா" என்றார்.

ஷஹாத்தா கொண்டு வந்தான். அவன் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. கண் நாற்காலியின் மேல் இருந்தது. அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பாவம், பெரிய மனிதர் முன்னால் பையனுக்குக் கூச்சம் என்று இன்ஸாஃப் நினைத்தாள்.

வாளியைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்தது. அவளுடைய ஈரல்தான், அவள் இடித்த சீரகம், அவள் நசுக்கிய பூண்டு. மேலே வெள்ளையாக என்னவோ தூவியிருந்தது. அத்தனை உப்புப் போட்டும் பத்தவில்லையா இவர்களுக்கு என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். பஸ்பூஸா அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே தின்றது. இன்னொன்று கொடுக்கச் சொன்னான் புகைப்படக்காரன், வெளிச்சம் சரியில்லையாம். இன்னொன்றும் கொடுத்தாள். கையை மிச்சமில்லாமல் நக்கியது.

ஆளுநர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார். கார் வளைவில் திரும்புவதற்குள் பஸ்பூஸாவின் கால்கள் விறைத்தன. வாயில் நுரை தள்ளியது. இன்ஸாஃப் கூண்டுக்குள் விழுந்து அதை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். டாக்டர், டாக்டர் என்று அலறினாள். வக்தி நாலடி தூரத்தில்தான் நின்றார். நாற்காலியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அலுவலக நேரம் இன்னும் முடியவில்லை.

இஸ்மத்துக்குத்தான் முதலில் நிபந்தனை ஞாபகம் வந்தது. "சுவருக்குள்ள எந்த உயிருக்கும் தீங்கு வரக் கூடாதுய்யா! கையெழுத்துப் போட்டிருக்கேன்! வெளிய இழுங்க, முடியறதுக்குள்ள இழுங்க!"

நிபந்தனையைக் காப்பாற்றினார்கள். இரண்டு பேர் இன்ஸாஃபின் கையைப் பிரித்தார்கள், ஷஹாத்தா ஊனக்காலைப் பிடித்து இழுத்தான். பஸ்பூஸா வாசற்படியைத் தாண்டி, புதிதாக அடித்த கறுப்பு வெள்ளைக் கல்லுக்கு அப்பால் செத்தது. வக்தி குனிந்து பார்த்துவிட்டு எழுதினார்: 'பயனாளி காப்பகத்தைவிட்டுத் தன் காலால் வெளியேறியது.' எழுதிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"என்னடா இருந்துச்சு அதுல?" என்று இன்ஸாஃப் ஷஹாத்தாவின் சட்டையைப் பிடித்தாள். இப்போது கேட்டாயிற்று. ஆனால் கேட்டவள் இன்ஸாஃப்தானே? அவன் நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றான். நாற்காலியை லாரியில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, லாரி கிளம்பிய பிறகுதான் பேசினான்.

"கோழித்தலைய இப்பல்லாம் நாயிங்க மோந்து பாத்துட்டுப் போயிடுது ஹஜ்ஜா. உன் ஈரல்னா யோசிக்காமத் திங்குதுங்க. நம்ம தலைவருதான் சொன்னாரு, அந்தம்மா கைப்பக்குவத்த வாங்குன்னு. நேத்து ஒரு நாய்கூடத் தப்பல."

அவள் சட்டையை விட்டுவிட்டாள். தன் கையை முகர்ந்து பார்த்தாள். சீரக வாசனைதான் வந்தது.

படம் முதல் பக்கத்தில் வந்தது. இஸ்மத்துக்கு ரொம்பத் திருப்தி. அதைப் பெரிதாக்கி, நகராட்சிச் சுவர் முழுக்க வருகிற மாதிரி, பித்தளைப் பலகைக்கு மேலேயே மாட்டச் சொன்னார். இன்ஸாஃபின் கை, ஈரல், பஸ்பூஸாவின் வாய். கீழே 'கருணையின் கரம்' என்று பொன் எழுத்து. ஆளுநரின் விரல் ஓரத்தில் தெரியும்.

இன்ஸாஃப் வண்டியை அந்தப் பக்கம் முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அன்றைக்கே ஆள் வந்தான். அனுமதியில் வண்டி நகராட்சி வாசலைப் பார்த்து இருக்க வேண்டும் என்று இருக்கிறதாம். மறுபடி பழையபடியே திருப்பிப் போட்டாள். வேறு தொழில் தெரியாது, வேறு இடம் கிடையாது. ஈரலை நறுக்கினாள், அடுப்பைப் பற்ற வைத்தாள்.

வழக்கம்போலக் காலையில் நகராட்சிக்காரர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். யாரும் கேலி பேசவில்லை. யாரும் கையை நீட்டவுமில்லை. கடைசியில் மேடம் நாஹித்தான் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தப்பா நெனச்சுக்காத ஹஜ்ஜா. மொதல்ல நீ ஒரு வாய் தின்னு காட்டு."

இன்ஸாஃப் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். விழுங்குவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. மேடம் நாஹித் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கிய பிறகும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

"சரி, ரெண்டு கட்டு" என்றாள். "உப்பு மட்டும் நான் வீட்ல போட்டுக்கறேன்."